"எவ்ளோ எதிர்பார்க்கறீங்க?"ன்னு கேட்டா வாய் அடைச்சுப் போகுது

கொரட்டூர் கணக்கம்மா
ஆகஸ்ட் 8, வெள்ளி, இரவு 10:50

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பிரஸ் ஷாப்ல கணக்கு பார்க்கறேன். நாப்பது பேர் வேலை செய்யற இடம். 2017 ஏப்ரல்ல 11,500க்கு சேர்ந்தேன், இப்ப 26,000. பேசிக் 12,000, மத்ததெல்லாம் அலவன்ஸ். பிஎஃப் 1,440 பிடிச்சது போக கைக்கு 24,560 வருது. தீபாவளிக்கு ஒரு மாச பேசிக் போனஸ், கூட அரை கிலோ மைசூர்பாகு.

சேர்ந்து மூணே மாசத்துல, ஜூலை 1ந்தேதி, ஜிஎஸ்டி வந்துச்சு. அதுவரைக்கும் வாட் பார்த்துட்டிருந்த பெரியவர் "இது எனக்கு ஏறாதும்மா"ன்னு டேலி ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி வச்சுட்டார். அன்னையிலேருந்து ஜிஎஸ்டி என் கையில தான். 2021ல அவரும் ரிட்டயர் ஆயிட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடல. அவர் பார்த்துட்டிருந்த சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ ஃபைலெல்லாம் ஒண்ணொண்ணா என் டேபிளுக்கு நகர்ந்து வந்துச்சு. யாரும் சொல்லவும் இல்ல, நானும் கேக்கவும் இல்ல.

என் மாசத்துக்கு நாலு தேதி தான். 7 டிடிஎஸ் (பிடிச்ச வரியைக் கட்டறது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில் ரிட்டர்ன்), 15 பிஎஃப் ஈஎஸ்ஐ, 20 3பி (மாச ஜிஎஸ்டி வரி ரிட்டர்ன்). வீட்ல விசேஷத்துக்கு நாள் பார்க்கறப்ப பஞ்சாங்கத்தோட இதையும் பார்ப்போம். நாத்தனார் வளைகாப்பு மட்டும் தப்பிப் போய் 20ந்தேதியில விழுந்துச்சு. மண்டபத்து மாடிப்படியில உக்காந்து மொபைல்ல நெட் போட்டு 3பி ஃபைல் பண்ணேன், ஒரு கையில வளையல் தட்டு.

வருஷா வருஷம் ஏப்ரல்ல முதலாளி கூப்பிட்டு ஒரு கவர் குடுப்பார். "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா"ம்பார். கவர்ல 1,500 ஏத்தின லெட்டர் இருக்கும், சில வருஷம் 2,000. வீட்டுப் பொண்ணு எங்கயாவது சம்பளம் கேக்குமா? நானும் கேட்டதில்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். கிண்டி எஸ்டேட்ல ஒரு ஏற்றுமதி கம்பெனி, கன்சல்டன்ட் மூலமா வந்துச்சு. ரெண்டு ரவுண்டு இன்டர்வியூ நல்லா போச்சு. ஃபைனான்ஸ் மேனேஜர் ஜாப் ஒர்க் சலான், இ-இன்வாய்ஸ், 2பி (சப்ளையருங்க ஏத்தின பில்லோட ஜிஎஸ்டி லிஸ்ட்) மேட்சிங்னு துருவித் துருவிக் கேட்டார், எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். கடைசியா எச்ஆர் தம்பி போன் பண்ணி "கரண்ட் சேலரி எவ்ளோ மேடம், எவ்ளோ எதிர்பார்க்கறீங்க?"ன்னார். நான் "26,000 சார். நீங்களே பார்த்துக் குடுங்க"ன்னுட்டேன். போனை வச்சப்புறம் தலையில அடிச்சுக்கிட்டேன்.

இன்னைக்கு ஆஃபர் வந்திருக்கு. சிடிசி, அதாவது எனக்காக கம்பெனிக்கு ஆகற மொத்தச் செலவு, வருஷத்துக்கு 4,56,000, மாசம் 38,000. "46 பர்சென்ட் ஹைக் மேடம், நாங்க யாருக்கும் இவ்ளோ போட்டதில்ல"ங்கறார். பிரிச்சுப் பார்த்தேன். கம்பெனி கட்டற பிஎஃப் 1,800, கிராஜுவிட்டின்னு (வேலையை விடறப்ப தர்ற தொகை) 731, இன்ஷூரன்ஸ் 500, வேரியபிள்னு (வந்தாலும் வரும், வராமலும் போகும்) 10 பர்சென்ட் 3,800. இதெல்லாம் கழிச்சா மாசச் சம்பளம் 31,169. என் பங்கு பிஎஃப் 1,800 போனா கைக்கு 29,369. ஆக இப்ப வாங்கறதை விட 4,809 தான் கூட வருது. கொரட்டூர்ல இருந்து சென்ட்ரல், அங்க இறங்கி பார்க் ஸ்டேஷனுக்கு ஓடி, மறுபடி கிண்டிக்கு ட்ரெயின். இப்ப எனக்கு ஷேர் ஆட்டோவுல பத்து நிமிஷம்.

இதுக்கு முன்னாடி அந்த சீட்ல இருந்தவருக்கு 48,000னு எங்க ஆடிட்டர் ஆபீஸ் பையன் சொல்றான். உண்மையா பொய்யா தெரியல.

வீட்டுக்காரர் "குடுக்கறதை வாங்கிக்கோ, ஆசைப்பட்டு இருக்கறதையும் கெடுத்துக்காத"ங்கறார். திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், அன்னைக்கு 11ந்தேதி வேற. "பார்த்துக் குடுங்க"ன்னு சொன்னவ இப்ப திரும்பிக் கேக்கலாமா? எவ்ளோன்னு கேக்கறது? என்ன காரணம் சொல்றது? நாப்பது பேருக்குச் சம்பளம் போட்டுக் குடுக்கறேன், என் சம்பளத்தைச் சொல்ல நாக்கு எழ மாட்டேங்குது.

—

டூல்ரூம் பாடி
வெள்ளி, இரவு 11:35

அக்கா, கேக்கலாமான்னு கேக்காதீங்க. கேளுங்க.

நான் ஒயர்கட் ஆபரேட்டர். ஆறு வருஷம் ஒரே கம்பெனி, 19,000. அது தான் மார்க்கெட் ரேட்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிஞ்சு பாடி மேம்பாலத்துக்குக் கீழ டீக்கடையில நாலு பேர் நின்னோம், நாலு பேரும் வேற வேற கம்பெனி. ஒருத்தன் சம்பள மெசேஜ் வந்துச்சுன்னு போனைக் காட்டினான், 27,000. என்னை விட ரெண்டு வருஷம் ஜூனியர் அவன். ஐடிஐல எனக்குப் பின்னாடி பேட்ச். ரெண்டு கம்பெனி மாறியிருக்கான், அவ்ளோ தான் வித்தியாசம். அப்புறம் மத்த ரெண்டு பேரும் சொன்னாங்க. நாலு பேர்ல நான் தான் கடைசி. டீ ஆறிப் போச்சு.

நம்ம ஊர்ல பொண்டாட்டி புருஷன் சண்டையை எல்லாம் வெளிய சொல்லுவாங்க, சம்பளத்தை மட்டும் சொல்ல மாட்டாங்க. அதனால யாருக்கு லாபம்னு யோசிங்க. அந்த ஆடிட்டர் பையனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்து இன்னும் நல்லா விசாரிங்க.

—

முன்னாள் எச்ஆர்
சனி, காலை 8:10

மேடம், பன்னண்டு வருஷம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எச்ஆர்ல இருந்தேன். இப்ப அந்த வேலையில இல்ல, அதனால தைரியமா எழுதறேன்.

முதல்ல உங்க கணக்குலயே ஒரு ஓட்டை இருக்கு, கோவிச்சுக்காதீங்க. அவங்க சொல்ற 38,000 சிடிசி. நீங்க சொன்ன 26,000 கிராஸ், பிடித்தத்துக்கு முந்தின மாசச் சம்பளம். அரிசியை மூட்டையோட நிறுத்தி, பருப்பை மட்டும் கொட்டி நிறுத்தின மாதிரி. உங்க இப்போதைய கம்பெனியும் உங்களுக்காக பிஎஃப் 1,440 கட்டுது. கிராஜுவிட்டி பேசிக்ல 4.81 பர்சென்ட், அது 577. தீபாவளி போனஸ் 12,000ஐ மாசத்துக்குப் பிரிச்சா 1,000. கூட்டுங்க: 29,017. உங்க இப்போதைய சிடிசி அது. 29,017ல இருந்து 38,000 போனா 31 பர்சென்ட். 46 எங்க இருந்து வந்துச்சு? அந்த எச்ஆர் பையனுக்கும் இது தெரியும். நீங்க 26ன்னு சொன்ன நிமிஷமே அவன் மனசுக்குள்ள சிரிச்சிருப்பான். நானா இருந்தா சிரிச்சிருப்பேன்.

பழைய சம்பளத்தை நாங்க ஏன் கேப்போம் தெரியுமா? உங்க வேலையோட மதிப்பு அதுல தெரியும்னு இல்ல. எந்த விலைக்கு நீங்க தாவுவீங்கன்னு தெரியும், அதுக்குத் தான். ஒவ்வொரு சீட்டுக்கும் கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு எண் எங்ககிட்ட இருக்கும். பழைய சம்பளத்து மேல 30 பர்சென்ட் போட்டா அது கீழ் எண்ணைத் தொடுதான்னு பார்ப்போம். தொட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திடுவோம். இந்த 30 பர்சென்ட் சட்டமும் இல்ல, சாஸ்திரமும் இல்ல, வெறும் பழக்கம். குறைஞ்ச சம்பளத்துல எட்டு வருஷம் இருந்தவங்க அடுத்த இடத்துலயும் குறைஞ்ச சம்பளத்துலயே உக்காரணும்னு ஆக்கற பழக்கம்.

"பார்த்துக் குடுங்க"ன்னு சொன்னது ஒண்ணும் கையெழுத்து இல்ல. ஆஃபர் லெட்டர் இப்ப தான வந்திருக்கு. "பிரிச்சுப் பார்த்தேன், கைக்கு வர்றது எதிர்பார்த்ததை விடக் குறைவா இருக்கு, பேசணும்"னு சொன்னா போதும். யாரும் ஆஃபரைப் பிடுங்க மாட்டாங்க. நான் இருந்த பன்னண்டு வருஷத்துல, மரியாதையாக் கேட்டாங்கங்கறதுக்காக ஆஃபரை வாபஸ் வாங்கினது ஒரு தடவை கூட இல்ல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுவோம், அவ்ளோ தான். வாபஸ் வாங்கினது எல்லாம் வேற கதை. ஒரு பையன் பேஸ்லிப்பை பிடிஎஃப்ல திருத்தி 32ஐ 42 ஆக்கினான். பிஎஃப் பாஸ்புக்கை எடுத்துட்டு வாப்பான்னோம். அதுல இருந்த கணக்குக்கும் பேஸ்லிப்புக்கும் பொருந்தல. ஃபார்ம் 16ம் பொருந்தல. அதோட முடிஞ்சுது. அதனால எண்ணை மட்டும் ஏத்திச் சொல்லாதீங்க. 29,017னு சொல்றது ஏத்திச் சொல்றது இல்ல, அது உண்மை.

வேரியபிளை விடாதீங்க. "போன ரெண்டு வருஷம் எவ்ளோ பர்சென்ட் குடுத்தீங்க?"ன்னு கேளுங்க. தயங்கினாங்கன்னா வராதுன்னு அர்த்தம். கணக்கு வேலையில என்னங்க வேரியபிள்? நீங்க என்ன வித்துக் குடுக்கவா போறீங்க? அதை மாசச் சம்பளத்துலயே சேர்க்கச் சொல்லுங்க.

கன்சல்டன்ட் நடுவுல வந்து "இதுக்கு மேல கேட்டா கெட்டுடும்"னு பயமுறுத்துவார், நிச்சயம். அவருக்கு ஃபீஸ் பொதுவா வருஷச் சம்பளத்துல 8.33 பர்சென்ட், அதாவது ஒரு மாசச் சம்பளம். நீங்க பேசி மாசம் 4,000 ஏத்தினா அவருக்கு ஒரே ஒரு தடவை 4,000 கூட வரும். நீங்க வேண்டாம்னுட்டா 38,000 போயிடும். அவர் எந்தப் பக்கம் சாய்வார்னு கணக்கு பார்க்கறவங்களுக்கு நான் சொல்லணுமா? எச்ஆர்கிட்ட நேராப் பேசுங்க.

கடைசியா ஒண்ணு: அந்த சீட் எப்ப இருந்து காலியா இருக்குன்னு விசாரிங்க. இப்ப ஆகஸ்ட். டாக்ஸ் ஆடிட்டுக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. ஜூன்ல இருந்து காலின்னா, அந்த ஃபைனான்ஸ் மேனேஜர் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போக முடியாம உக்காந்திருப்பார். இந்த மாசத்துல உங்களுக்கு இருக்கற பலம் அக்டோபர்ல இருக்காது.

—

திருமுடிவாக்கம் முதலாளி
சனி, மதியம் 1:20

நான் எதிர்ப்பக்கம். சிட்கோ எஸ்டேட்ல சின்ன யூனிட், பதினெட்டு பேர். எல்லாரும் முதலாளியைத் திட்டறதால ஒரு வார்த்தை.

இந்தம்மா எழுதினதுல ஒரு வரி என்னை உறுத்துச்சு. "யாரும் சொல்லவும் இல்ல, நானும் கேக்கவும் இல்ல." எங்ககிட்டயும் அப்படித் தான் நடக்குது. கேக்காத வரைக்கும் எங்களுக்குத் தோணாது, பொய் சொல்ல விரும்பல. இரும்பு விலை ஏறிச்சுன்னா சப்ளையர் மறுநாளே லெட்டர் அனுப்பறான். கரன்ட் சார்ஜ் ஏறினா பில்லுலயே வந்துடுது. மனுஷன் மட்டும் தான் விலை ஏறினதைச் சொல்லாம எட்டு வருஷம் உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டு, ஒரு நாள் ராஜினாமா லெட்டரோட வந்து நிக்கறான்.

48,000னு அந்தக் கிண்டிக்காரங்ககிட்ட வாய் திறந்துடாதீங்கம்மா. அவர் அங்க பதினஞ்சு வருஷம் இருந்திருக்கலாம், சிஏ இன்டர் பாஸ் பண்ணியிருக்கலாம். "அவருக்கு குடுத்தீங்களே"ன்னு ஆரம்பிச்சா பேச்சு அவரைப் பத்திப் போயிடும். அது உங்களுக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருந்தா போதும்.

என்ன காரணம் சொல்றதுன்னு கேட்டீங்க. கஷ்டத்தைச் சொல்லாதீங்க. ஸ்கூல் ஃபீஸ், வாடகை, மாமியார் ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம், எனக்கும் அதெல்லாம் இருக்கு. நீங்க எனக்கு எவ்ளோ மிச்சம் பிடிச்சுக் குடுத்தீங்க, அதைச் சொல்லுங்க. ரூபாய்ல சொல்லுங்க. அப்படி ஏதாவது இருக்கா?

இன்னொண்ணு. எட்டு வருஷம் நாலு மாசம் ஆச்சுங்கறீங்க. அஞ்சு வருஷம் தாண்டினவங்களுக்கு கிராஜுவிட்டி உண்டு. கடைசி பேசிக் 12,000, அதை 15 ஆல பெருக்கி 26 ஆல வகுத்தா 6,923. எட்டு வருஷத்துக்கு குறைஞ்சது 55,385. கெளம்பறப்ப எழுத்துல கேட்டு வாங்குங்க. நாங்களா எடுத்து நீட்ட மாட்டோம், இதுவும் உண்மை தான்.

—

கொரட்டூர் கணக்கம்மா
சனி, இரவு 9:40

எல்லாருக்கும் நன்றி. எச்ஆர் சார், உங்க 29,017ஐப் பார்த்துட்டு அரை மணி நேரம் யார்கிட்டயும் பேசல. கணக்கம்மான்னு பேர் வச்சுக்கிட்டு நானே இப்படி.

முதலாளி சார், நீங்க சொன்ன கிராஜுவிட்டி... பெரியவர் ரிட்டயர் ஆனப்ப அவருக்கு செக் எழுதினதே நான் தான். 15/26 ஃபார்முலா எல்லாம் தலைகீழாத் தெரியும். எனக்குன்னு ஒரு தடவை கூடப் போட்டுப் பார்த்ததில்ல.

ரூபாய்ல கேட்டீங்க. ரெண்டு சொல்றேன். முந்தின வருஷம் 2பியை எங்க பர்ச்சேஸ் ரெஜிஸ்டரோட ஒப்பிட்டப்ப 3,18,000 ரூபாய் இன்புட் கிரெடிட் (வாங்கின சரக்குக்குக் கட்டின ஜிஎஸ்டியை நம்ம வரியில கழிச்சுக்கறது) இடிச்சுது. கோயம்புத்தூர் சப்ளையர் ஒருத்தர் நாலு மாச பில்லை வேற யாரோ ஜிஎஸ்டி நம்பர்ல ஏத்தியிருந்தார். நவம்பர் 30க்குள்ள திருத்தலன்னா அந்தக் காசு எங்களுக்கு இல்ல. அவருக்கு தினம் காலையில பத்து மணிக்கு போன் பண்ணேன், பதினேழு நாள். கடைசியில அவங்க வீட்டம்மா எடுத்து "அவர் இன்னைக்கே பண்ணிடுவாரும்மா"ன்னாங்க. பண்ணிட்டார். முழுசா வந்துச்சு.

இன்னொண்ணு மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்கை, மழை வருதேன்னு ஸ்டீல் பீரோ மேல பழைய வவுச்சர் கட்டுக்கு நடுவுல வச்சுட்டுப் போயிருந்தேன். எஸ்டேட்டே ஏரி ஆச்சு. புதன்கிழமை போனா முழங்கால் தண்ணி, மேல கட்டிங் ஆயில் ஏடு மாதிரி மிதக்குது. சிபியூ கவுந்து கெடக்கு. புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஸ்டூல் போட்டு ஏறி அந்த டிஸ்கை எடுத்து டிபன் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எங்க பொண்ணோட லேப்டாப்ல டேலி போட்டு நவம்பர் மாசக் கணக்கை முடிச்சேன். நம்ம நாலு மாவட்டத்துக்கும் 3பி தேதியை 27 வரைக்கும் தள்ளினாங்க, நான் 22ந்தேதியே போட்டுட்டேன். அடுத்த ஏப்ரல் கவர்ல 2,000 இருந்துச்சு.

இதை இன்டர்வியூல சொல்லலாமா?

—

திருமுடிவாக்கம் முதலாளி
சனி, இரவு 10:15

கோயம்புத்தூரைச் சொல்லுங்க. வெள்ளத்தைச் சொல்லாதீங்க. வெள்ளத்துக் கதையில விசுவாசம் தெரியுது. விசுவாசத்துக்கு நாங்க சால்வை போடுவோம், சம்பளம் ஏத்த மாட்டோம். 3,18,000க்கு ஏத்துவோம்.

—

முன்னாள் எச்ஆர்
சனி, இரவு 10:30

முதலாளி சாரோட எனக்கு இதுல உடன்பாடு இல்ல. வெள்ளத்தையும் சொல்லலாம், ஆனா ஸ்டூல், புடவை எல்லாம் வேண்டாம். "சிஸ்டம் போன பிறகும் வெளியில வச்சிருந்த பேக்கப்புல இருந்து மாசக் கணக்கை முடிச்சு ரிட்டர்ன் போட்டேன்"னு ஒரே வரி. அது விசுவாசம் இல்ல, வேலை தெரிஞ்சவங்க செய்யறது. கடலூர் பக்கம் வெள்ளம் பார்த்த ஃபைனான்ஸ் மேனேஜரா இருந்தா அந்த ஒரு வரிக்கே எழுந்து உக்காருவார்.

—

நங்கநல்லூர் லெட்ஜர்
ஞாயிறு, காலை 6:55

நானும் கணக்கு தான்பா, இருபத்திரண்டு வருஷமா. ஆம்பளைங்க சொல்லாத ரெண்டு விஷயம் நான் சொல்றேன்.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்னு 1976லயே சட்டம் வந்தாச்சு. ஆனா சட்டம் ஆஃபர் லெட்டர் டைப் அடிக்காது. நம்மகிட்ட "வீட்டுக்காரர் என்ன பண்றார்?"னு கேப்பாங்க. அவர் நல்ல வேலையில இருக்கார்னு சொன்னா, இது பாக்கெட் மணிக்கு வர்ற கேஸ்னு மனசுல எழுதிப்பாங்க. எனக்கு நடந்திருக்கு. இப்பல்லாம் "வேலைக்குப் போறார் சார், ஜாப் ஒர்க் ரிஜிஸ்டர் யார் பார்க்கறாங்க உங்ககிட்ட?"ன்னு பேச்சைத் திருப்பிடுவேன்.

ரெண்டாவது, எண்ணைச் சொன்னதும் நாம பண்ற தப்பு. "நாப்பத்தி நாலு எதிர்பார்க்கறேன் சார்"னு சொல்லிட்டு நிறுத்த மாட்டோம். உடனே "முடிஞ்சா பாருங்க", "கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல", "நான் சும்மா தான் கேட்டேன்". நாமளே கேட்டு நாமளே குறைச்சு, அவங்களுக்கு வேலையே வைக்க மாட்டோம். எண்ணைச் சொல்லுங்க, வாயை மூடுங்க. எதிர்ல சத்தமே இல்லாம இருக்கும், ரொம்ப நேரம் போன மாதிரி இருக்கும். நான் மனசுக்குள்ள கந்த சஷ்டி கவசம் ஆரம்பிச்சுடுவேன். நாலு வரி போறதுக்குள்ள அவங்க பேசிடுவாங்க.

இன்னைக்கு மொட்டை மாடியில போய் சத்தமாச் சொல்லிப் பழகுங்க. சிரிக்காதீங்க. முதல் தடவை வாயில வர்றது கஷ்டம், பத்தாவது தடவை பால் கணக்கு மாதிரி வரும். மாசச் சம்பளமாச் சொல்லுங்க, சிடிசின்னு அவங்க பாஷையில சொல்லாதீங்க. நான் உங்க இடத்துல இருந்தா வேரியபிள் இல்லாம கிராஸ் 44,000 கேப்பேன். மனசுக்குள்ள 37,000க்குக் கீழ இறங்க மாட்டேன்னு ஒரு கோடு போட்டு வச்சிருப்பேன். அந்தக் கோட்டை இன்னைக்கே எழுதி வைங்க. போன்ல பேசறப்ப போட்டா அது வளைஞ்சுடும்.

—

டூல்ரூம் பாடி
ஞாயிறு, காலை 9:20

கந்த சஷ்டி கவசம் டெக்னிக் சூப்பர் அக்கா. நான் கிறிஸ்டியன், பரவாயில்லயா?

—

நங்கநல்லூர் லெட்ஜர்
ஞாயிறு, காலை 9:31

பரமண்டல ஜெபம் அதை விடச் சின்னது தம்பி, உனக்குச் சம்பளம் சீக்கிரமே ஏறிடும்.

—

கொரட்டூர் கணக்கம்மா
ஆகஸ்ட் 19, செவ்வாய், இரவு 10:05

ரெண்டு பேர் தனியா மெசேஜ் போட்டு என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. எழுதிடறேன்.

ஞாயித்துக்கிழமை துணி காயப்போடற சாக்குல மாடிக்குப் போனேன். "நாப்பத்தி நாலாயிரம் கிராஸ் எதிர்பார்க்கறேன் சார்." முதல் தடவை "சார்" மட்டும் தான் வெளிய வந்துச்சு. பக்கத்து வீட்டு மாடியில ஒரு அம்மா வடாம் புழிஞ்சுட்டு இருந்தாங்க, அவங்க என்னைப் பார்க்கறதுக்குள்ள பெட்ஷீட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுட்டேன். பதினஞ்சு தடவை சொன்னேன். கோட்டை 37,000னு மளிகை லிஸ்ட் பின்னாடி எழுதி பர்ஸ்ல வச்சேன்.

திங்கள் மதியம் ஜிஎஸ்டிஆர்-1 போட்டு முடிச்ச கையோட எச்ஆர் தம்பிக்கு போன் பண்ணேன். என் இப்போதைய சிடிசி 29,017, போன தடவை கிராஸைச் சொல்லிட்டேன்னு முதல்ல அதைத் திருத்தினேன். அப்புறம் 44,000ஐச் சொன்னேன். வாயை மூடிட்டேன். அந்த நேரம் பார்த்து கொரட்டூர்ல எக்ஸ்பிரஸ் ஒண்ணு கடந்து போற சத்தம், அது முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல. "மேடம், இது எங்க பட்ஜெட்டுக்கு மேல"ன்னார். பட்ஜெட் எவ்ளோன்னு கேட்டேன். சொல்லல. வேரியபிள் போன வருஷம் எவ்ளோ குடுத்தீங்கன்னு கேட்டேன். "அது கம்பெனி பெர்ஃபார்மன்ஸைப் பொறுத்து..."ன்னு இழுத்தார். சரி, அது இல்லாமலே பேசலாம்னு சொன்னேன். என் குரல் தானான்னு எனக்கே சந்தேகம்.

கன்சல்டன்ட் அன்னைக்கு ராத்திரியே கூப்பிட்டு "மேடம் கெடுத்துக்காதீங்க, வேற ரெண்டு கேண்டிடேட் ரெடியா இருக்காங்க"ன்னார். எச்ஆர் சார் எழுதினது அப்படியே வார்த்தைக்கு வார்த்தை. பயமா தான் இருந்துச்சு. ராத்திரி தூக்கம் இல்ல. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, அந்த ஒண்ணும் சொல்லாததே பெரிய சத்தமா இருந்துச்சு.

புதன்கிழமை ஃபைனான்ஸ் மேனேஜரே போன் பண்ணினார். மே மாசத்துல இருந்து சீட் காலியாம். கோயம்புத்தூர் கதையைச் சொன்னேன், பதினேழு நாள் போன் பண்ணதை மட்டும் விடல. அவர் சிரிச்சார். "எங்ககிட்ட அந்த மாதிரி ஏழு சப்ளையர் இருக்காங்க"ன்னார். வெள்ளத்தை ஒரு வரியில சொன்னேன். கடைசியில கிராஸ் 39,000, வேரியபிள் கெடையாது, அது மாசச் சம்பளத்துலயே. பிஎஃப் போக கைக்கு 37,200. ஆஃபர்ல முதல்ல வந்ததுக்கும் இதுக்கும் 7,831 வித்தியாசம். ரெண்டு போன் கால்.

எல்லாம் கெடைக்கல. இப்ப இருக்கற எடத்துல ரெண்டாவது சனி லீவு, அங்க எல்லா சனியும் வேலை. அதை மாத்தக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. 48,000ஐப் பத்தி நான் வாயைத் திறக்கல. ஆனா மனசுல அது ஒரு மூலையில உக்காந்துட்டு தான் இருக்கு.

வியாழக்கிழமை லெட்டர் குடுத்தேன். முதலாளி படிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டி வச்சார். "எவ்ளோ குடுக்கறாங்க?" சொன்னேன். "இதை என்கிட்ட சொல்லியிருந்தா நானே 38 போட்டுக் குடுத்திருப்பேனேம்மா. இப்பவும் போட்டுடறேன், இரு." சந்தோஷமா இருக்கணும்ல? எனக்கு அழுகையும் கோவமும் சேர்ந்து வந்துச்சு. 26ல இருந்து 38 ஒரே நிமிஷத்துல முடியும்னா, அந்தக் காசு இத்தனை வருஷம் எங்க இருந்துச்சு? திருமுடிவாக்கம் சார், நீங்க சொன்ன இரும்பு விலை தான் ஞாபகம் வந்துச்சு. அவர் மேல மட்டும் தப்புன்னு சொல்ல முடியல. ஆனா இருக்கல. கிராஜுவிட்டி விண்ணப்பத்தையும் அப்பவே நீட்டினேன். அதை அவர் எதிர்பார்க்கல. "இதெல்லாம் எழுதித் தரணுமாம்மா"ன்னு வாங்கி டிராயர்ல வச்சார். செப்டம்பர் 13 கடைசி நாள்.

நேத்து என் இடத்துக்கு ஒரு பொண்ணு வந்து பார்த்துட்டுப் போச்சு. பி.காம், மூணு வருஷ அனுபவம், டேலி நல்லா வருது. கேன்டீன்ல டீ குடிக்கறப்ப "அக்கா, 16,000ன்னு சொல்றாங்க, சரின்னுடலாமா?"ன்னு கேட்டுச்சு. ஒரு நிமிஷம் யோசிச்சேன், முதலாளிக்கு எட்டு வருஷம் உப்பு தின்னிருக்கேனே. அப்புறம் ஒரு பழைய சலான் பின்னாடி 7, 11, 15, 20னு எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல என்ன வேலைன்னு எழுதிக் குடுத்தேன். முன்னாடி இதை ரெண்டு பேர் பார்த்தோம்னு சொன்னேன். கீழ என் சம்பளத்தையும் எழுதினேன், முதலாளி வியாழக்கிழமை சொன்ன 38ஐயும். அது சலானை மடிச்சு ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டு கெளம்பிடுச்சு. நாளைக்கு மறுபடி வருதாம்.

நாளைக்கு 20. 3பி முடிச்சுட்டு வந்து சொல்றேன்.